கடைசியாக ஏறும் பக்கெட்

குமாரபாளையத்தில் வீடு மாற்றுகிறவர்கள் எதை முதலில் ஏற்றுவது என்பதில் தெளிவாக இருப்பார்கள். சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், நிறைகுடம் ஆகியவை நல்ல நேரம் பார்த்து முதலில் போகும். பீரோ, கட்டில், பிரிட்ஜ் அடுத்து. பாத்திரங்கள் சாக்கிலும் அண்டாவிலும் போகும். எல்லாம் ஏறி, குட்டி யானை வண்டியின் பின்கதவை மூடப் போகிற நேரத்தில்தான் பாத்ரூமிலிருந்து ஒரு பக்கெட் வரும். பினாயில், டாய்லெட் கழுவும் திரவம், பாதி ஆசிட் உள்ள பாட்டில், பிளீச்சிங் பவுடர் பொட்டலம், சோப்புத்தூள், பிரஷ், பிழிந்தும் பிழியாத ஈரத்துணி எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். எங்கே சந்து இருக்கிறதோ அங்கே செருகுவார்கள். அரிசி மூட்டைக்கும் மெத்தைக்கும் நடுவேதான் பெரும்பாலும் சந்து இருக்கும்.

இந்தப் பக்கெட்டை யாரும் ஒரு சாமானாகவே எண்ணுவதில்லை. கண்ணாடி டம்ளருக்குச் செய்தித்தாள் சுற்றுகிறோம். டிவிக்கு மெத்தையை அணை கொடுக்கிறோம். உடைந்தால் பண நஷ்டம் தருவதையெல்லாம் பொத்திப் பாதுகாத்துவிட்டு, கசிந்தால் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கக்கூடியதை அப்படியே தூக்கிப் போடுகிறோம். கேஸ் சிலிண்டரை விட்டுவிட்டால், வீட்டில் ஆளைக் காயப்படுத்தக்கூடிய பொருட்கள் இந்தப் பக்கெட்டில்தான் இருக்கின்றன. அதோடு இன்னொன்று. அன்றைக்கு மற்ற சாமான்களெல்லாம் வெறும் சுமை. இவை மட்டும் சுமையாகவும் இருக்கும், வேலையும் செய்யும். காலையில் விட்டுப் போகும் வீட்டைக் கழுவ வேண்டும், மாலையில் புகும் வீட்டைக் கழுவ வேண்டும். ஆபத்து எங்கே என்று தேடினால், வண்டிப் பயணத்தைவிட இந்த இரண்டு கழுவல்களில்தான் அது அதிகம்.

இரண்டு தலைமுறைக்கு முன் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பாத்திரத்துக்கு அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும், பித்தளைக்குப் புளியும் செங்கல்பொடியும், தலைக்கு அரப்பும் சீயக்காயும், பட்டுக்குப் பூந்திக்கொட்டையும், வாசலுக்குச் சாணமும் போதுமாக இருந்தன. எதையும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. புது வீட்டு அடுப்பு மறுநாளே சாம்பல் தந்துவிடும். 1959-இல் சர்ஃப் வந்தது, 1969-இல் நிர்மா வந்தது. சோப்புத்தூள் டப்பா வீட்டுக்குள் ஓர் இடம் பிடித்தது. பொடக்காலிக்கு அப்பால் இருந்த கழிப்பறை வீட்டோடு ஒட்டிக்கொண்ட பிறகு, அதைக் கழுவுவதற்கான அமிலமும் கூடவே வந்தது. 2014-இல் தூய்மை இந்தியா திட்டம் தொடங்கிக் கழிப்பறைகள் பெருகியபோது, அந்த பாட்டில் ஏழை வீடு பணக்கார வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் எங்கும் போய்ச் சேர்ந்தது. சாம்பலும் அரப்பும் இருந்த மூலையில் இப்போது அமிலமும் காரமும் குளோரினும் நிற்கின்றன. மூலையைப் பற்றிய நம் நினைப்பு மட்டும் சாம்பல் காலத்திலேயே நிற்கிறது.

அந்தக் காலத்து வழக்கம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய சீமாறைப் புது வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்று பல வீடுகளில் பெரியவர்கள் பிடிவாதமாகச் சொல்வார்கள். லட்சுமி, மூதேவி என்று காரணம் சொன்னாலும், ஈர்க்கு இடுக்கில் கரப்பான் முட்டையும் பழைய வீட்டுத் தூசியும் ஒட்டிக்கொண்டு வராமல் போவது கண்கூடான நன்மை. புதுச் சீமாறு ஒன்றை வாங்குவது பெரிய செலவும் இல்லை. இந்த வழக்கத்தைப் பக்கெட்டில் உள்ள பாதிப் பொருட்களுக்கும் நீட்ட வேண்டும் என்பதே என் கட்சி. பூட்டிக் கட்டி எடுத்துப் போவதைவிட, தீர்த்துவிட்டுப் போவதே நல்லது. ஆனால் தீர்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முறை தவறினால், எடுத்துப் போவதைவிடத் தீர்ப்பதுதான் பெரிய கேடு.

இந்த ஊரின் ஆசிட் பழக்கத்துக்குத் தண்ணீரில்தான் காரணம் தேட வேண்டும். காவிரிக் கரையில் இருந்தாலும் எல்லாத் தேவைக்கும் காவிரித் தண்ணீர் கிடைப்பதில்லை. குளிக்கவும் கழுவவும் போர்த் தண்ணீரை நம்பும் வீடுகள் ஏராளம். அந்தத் தண்ணீர் கடினமானது. குழாய் வாயிலும் டைல்ஸ் மேலும் பக்கெட் விளிம்பிலும் வெள்ளைப் படிவம் கட்டிவிடும். அது சுண்ணாம்புச் சத்து. சோப்புக்கு மசியாது, சோப்புத்தூளுக்கும் மசியாது. அமிலம் பட்டால் மட்டும் புஸ்ஸென்று நுரைத்துக் கரையும். ஓர் ஆண்டாகச் சேர்ந்த படிவத்தை வாடகைக்கு இருந்தவர் எப்போது தேய்ப்பார்? வீட்டைக் காலி செய்யும் நாளில்தான். வீட்டுக்காரர் சாவி வாங்க வரும்போது பாத்ரூமைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பார், அட்வான்ஸ் முழுதாகத் திரும்புவது அவர் முகத்தைப் பொறுத்தது.

ஒரு லைன் வீட்டுப் பாத்ரூமை நினைத்துப் பாருங்கள். நாலடிக்கு நாலடி. தலைக்கு மேலே ஒரு சிறு ஜன்னல். அதில் துருப்பிடித்த ஆணி ஒன்று. அருகில் ஆசிட் பாட்டில் நின்ற இடம் வட்டமாக வெளுத்திருக்கும். மூடி சரியாக மூடாத பாட்டிலிலிருந்து கிளம்பும் ஆவிதான் அந்த ஆணியை அரித்தது. வெளியே வண்டி நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். உள்ளே தரையில் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள். வெள்ளைப் படிவம் போகிறது, மஞ்சள் கறை போகவில்லை. பொட்டலத்தில் மிச்சமிருக்கும் பிளீச்சிங் பவுடரை எதற்குச் சுமப்பது, இங்கேயே தீர்த்துவிடலாம் என்று அதையும் அதே தரையில் தூவுகிறார்கள். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த எண்ணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

பிளீச்சிங் பவுடரில் குளோரின் கால்சியத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. 1799-இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னண்ட் இதற்குக் காப்புரிமை பெற்றதன் சிறப்பே, கையாள முடியாத ஒரு வாயுவைக் கையால் அள்ளக்கூடிய பொடியாக்கியதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் அந்தக் கட்டு அவிழ்ந்து குளோரின் மறுபடி வாயுவாகக் கிளம்பும். அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. மேலே எழும்பி ஜன்னல் வழியாகப் போகாது, தரையோடு தங்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்கு சரியாக அந்த மட்டத்தில் இருக்கும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை சிலிண்டர்களைத் திறந்து எதிரிக் குழிகளுக்குள் பரவவிட்டது இதே வாயுவைத்தான். பாத்ரூமில் அளவு குறைவு, ஆனால் இடமும் சிறிது. கண் எரியும், இருமல் விடாது, நெஞ்சு இறுகும். நிறையச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம். புது வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது திணறல் வந்தால், அதைக் காலையில் தேய்த்த தரையோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. இதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

பெயர் போட்ட பாட்டில்களிலும் இதே சேர்க்கை காத்திருக்கிறது. ஹார்பிக் போன்ற டாய்லெட் திரவத்தில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெள்ளைத் துணிக்கு ஊற்றும் வெளுப்புத் திரவங்களில் சோடியம் ஹைப்போகுளோரைட். டாய்லெட் திரவங்களிலேயே அமில வகையும் உண்டு, ஹைப்போ வகையும் உண்டு. நிறத்தையும் வாசத்தையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, லேபிளைப் படித்தால்தான் தெரியும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்களோடு ஹைப்போ சேர்ந்தால் குளோரமின் என்ற வேறொரு நச்சு ஆவி வரும். காலி செய்யும் நாளுக்கு நான் வைக்கும் விதி சின்னது: ஒரு பாத்ரூமுக்கு ஒரு நாளில் ஒரு மருந்துதான். ஆசிட் வேலை இருந்தால் அதை ஒரு வாரம் முன்பே, கதவு ஜன்னல் திறந்து, முடித்துவிட வேண்டும். கடைசி நாளுக்கு வெறும் சோப்புத்தூளும் தண்ணீரும் பிரஷும் போதும்.

இதைச் சொல்லித் தெரியவேண்டிய ஊர் அல்ல இது என்பதுதான் மனதை உறுத்துகிறது. லுங்கிக்கும் துண்டுக்கும் நூல் சாயமேற்றும் பட்டறைகளில் காஸ்டிக், பெராக்சைடு, ஹைப்போ, ஹைட்ரோஸ், அமிலம் எல்லாம் அன்றாடம் புழங்குகின்றன. காவிரியின் மேல் பக்கம், மேட்டூரில், காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் ஆலையே இருக்கிறது. பெராக்சைடு கேனின் மூடியில் ஏன் சிறு துளை இருக்கிறது என்று கேட்டால், அது சிதைந்து ஆக்சிஜன் வெளியேறும், அடைத்தால் கேன் உப்பி வெடிக்கும் என்று பட்டறைக்காரர் சொல்லிவிடுவார். ஹைட்ரோஸ் டப்பாவில் ஈரக்கை பட்டால் தானே சூடேறிப் புகையும் என்பதும் அவருக்குத் தெரியும். அமிலமும் ஹைப்போவும் அடுத்தடுத்து நிற்கக் கூடாது என்பதும் தெரியும். அதே ஆள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அதே இனத்துப் பொருட்களைத் தன் வீட்டு ஜன்னலில் தோளோடு தோள் நிற்க விடுகிறார். பட்டறையில் கற்றது படி தாண்டி வீட்டுக்குள் வருவதில்லை. கேனில் இருந்தால் கெமிக்கல், பாட்டிலில் இருந்தால் சாமான் என்று மனம் பிரித்து வைத்துவிடுகிறது.

அடுத்தது பாட்டில். என் பார்வையில் இந்த விஷயத்தின் மையம் இதுதான். தெருவில் மொபெட்டின் இரு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு, ரெக்கார்டு செய்த குரலில் பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் வாங்கும் வீடுகள் இன்னும் நிறைய. கடை விலையில் பாதிக்குக் கிடைக்கும். வாங்குபவர் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு வருவார். அது பெரும்பாலும் கலர் குடித்து முடித்த பாட்டிலாகவோ தண்ணீர் பாட்டிலாகவோ இருக்கும். ஆசிட் தண்ணீர் நிறம் அல்லது இளமஞ்சள். வெள்ளைப் பினாயில் தண்ணீர் கலந்ததும் பால் போல இருக்கும். வீட்டுப் பெண்ணுக்கு இதில் குழப்பமே கிடையாது. ஜன்னலில் இடது ஓரம் ஆசிட், பக்கத்தில் பினாயில், தரையில் இருப்பது துணிக்கு என்று கை தானாகப் போகும்.

கவனியுங்கள், அந்த அறிவு பாட்டில் மேல் எழுதியிருக்கவில்லை. அது இருந்த இடத்தில்தான் எழுதியிருந்தது. வீடு மாறும்போது இடம் போய்விடுகிறது. அதோடு அறிவும் போய்விடுகிறது. புது வீட்டில் குவியல் குவியலாகச் சாமான்கள் கிடக்கும். ஃபில்டர் இன்னும் மாட்டியிருக்காது. சித்திரை வெயிலில் எல்லோருக்கும் நாக்கு வறளும். சாமான் இறக்க வந்த பையனுக்கோ, மச்சினர் வீட்டுக் குழந்தைக்கோ எது எங்கே என்று தெரியாது. கைக்குக் கிடைத்த பாட்டிலைத் திறந்து வாயில் வைப்பது நொடி நேர வேலை. அமிலமோ காஸ்டிக்கோ ஒரு மிடறு இறங்கினாலே உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது தழும்பாகச் சுருங்கி, உணவு இறங்காமல் ஆண்டுக்கணக்கில் ஆஸ்பத்திரி ஏற வைக்கும். ஆகவே, குடிக்கும் பாட்டிலில் உள்ள எந்தத் துப்புரவுத் திரவமும் வண்டியில் ஏறக் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம். பெயர் போட்ட பாட்டிலில் இருப்பது மட்டும் போகட்டும். லேபிள் கிழிந்திருந்தால் மருந்துக் கடைப் பிளாஸ்திரியை ஒட்டி, உள்ளே இருப்பதன் பெயரைப் பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். சிவப்புக் கட்டமிட்ட சாய்சதுரக் குறிகள் உலகம் முழுக்கப் பொதுவானவை. கையிலும் உலோகத்திலும் திரவம் சொட்டும் படம் இருந்தால் அது அரிக்கும் பொருள்.

சட்டம் இதில் ஓரளவு தலையிட்டிருக்கிறது. ஆசிட் வீச்சுக் கொடுமைக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில், 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம், ஆசிட் விற்பவர் வாங்குகிறவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அரசு தந்த அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. மொபெட்டில் பதிவேடு ஏது? வெளிநாடுகளில் வேறொரு வழியில் போனார்கள். கனடாவின் வின்ட்ஸர் நகரில், விஷம் குடித்துவிட்டு வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து நொந்த ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவரின் முயற்சியால், 1967-இல் உள்ளங்கையால் அழுத்தித் திருகினால் மட்டும் திறக்கும் மூடி வந்தது. 1970-இல் அமெரிக்கா இப்படிப்பட்ட மூடிகளைப் பல பொருட்களுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் இயற்றியது. கலர் பாட்டிலில் ஆசிட் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பையெல்லாம் நாமே கழற்றி எறிகிறோம். மலிவுக்குக் கொடுக்கும் விலை அது.

பருவத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே வீடு மாற்ற மாட்டார்கள். தை கொஞ்சம் கூட்டம். பிள்ளைகளின் பரீட்சை முடிந்து பள்ளி திறப்பதற்குள் என்று பார்த்தால் சித்திரையும் வைகாசியும்தான் பெரும் கூட்டம். ஜே.கே.கே. நடராஜா, எஸ்.எஸ்.எம்., எக்ஸெல் கல்லூரிகளின் மாணவர்கள் அறையைக் காலி செய்வதும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான். ஆக, ஆண்டிலேயே கடும் வெயிலில், 40 டிகிரியை நெருங்கும் நாட்களில்தான் இந்தப் பக்கெட் ஊர்வலம் போகிறது. தார்ப்பாய் போட்டு மூடிய வண்டிக்குள்ளும், வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் இன்னும் கொதிக்கும். காருக்குள் 60 டிகிரியைக்கூடத் தொடலாம். கொசு, கரப்பான் ஸ்பிரேக்களும் ரூம் வாசனை ஸ்பிரேக்களும் பெரும்பாலும் எரியும் வாயுவை அழுத்தி அடைத்தவை. 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். அவை வண்டியில் ஏறவே வேண்டாம்; கையோடு பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் ஏற வேண்டாம். தீர்த்துவிடுங்கள், அல்லது பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் 5 லிட்டர் சானிட்டைசர் கேன்களும் இதே கணக்கு. 70 சதவீதம் ஆல்கஹால் சாதாரண வெயிலிலேயே பற்றக்கூடிய ஆவி விடும்.

ஹைப்போ திரவத்துக்கு வெயில் வேறு விதமாகப் பகை. வெப்பம் ஏற ஏற அது வேகமாகச் சிதையும். மூடிய பாட்டிலுக்குள் வாயு சேர்ந்து பாட்டில் உப்பும், வீரியமும் குறையும். பிளீச்சிங் பவுடரும் அப்படியே. புதிதாக இருக்கும்போது 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் தரக்கூடியது, ஈரமும் வெயிலும் பட்ட பொட்டலத்தில் கொஞ்ச நாளில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். அதைச் சுமந்துகொண்டு போய்த் தொட்டியில் போட்டுத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நம்புவது கொண்டு போகாததைவிட மோசம். இந்த இரண்டையும் பயணத்தில் சேர்க்காமல், புது ஊரில் சின்னதாகப் புதிதாக வாங்குவதே சரி.

இவ்வளவு கழித்த பிறகு எடுத்துப் போக என்ன மிஞ்சும்? சோப்புத்தூள், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, மூடி நன்றாக இருக்கும் டாய்லெட் திரவம் ஒன்று, தரை துடைக்கும் திரவம் ஒன்று, பிரஷ், மாப், துணிகள். இவற்றுக்கு அட்டைப்பெட்டி வேண்டாம். அட்டை கசிவை உறிஞ்சி, அடி பிரிந்து, பக்கத்துப் பெட்டிக்கும் பரப்பும். அதே பாத்ரூம் பக்கெட்தான் இதற்கு ஏற்ற பெட்டி. ஆனால் இரண்டு பக்கெட் வேண்டும். ஒன்றில் திரவங்கள், இன்னொன்றில் பொடிகளும் காய்ந்த துணிகளும். திரவப் பாட்டில்களின் மூடியைக் கழற்றி, வாய் மேல் சிறு பாலித்தீன் துண்டு வைத்து மறுபடி இறுக்கினால் மேடு பள்ளத்திலும் சிந்தாது. பெராக்சைடுக்கும் ஹைப்போவுக்கும் மட்டும் இப்படி அடைக்கக் கூடாது என்பதை மேலே சொன்னதிலிருந்தே ஊகிக்கலாம். பாட்டில்களை நிமிர்த்தி நிறுத்தி, இடைவெளியில் பழைய லுங்கியைச் சுருட்டி அடையுங்கள். இந்த ஊரில் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? பழைய துண்டும் லுங்கியும் சிந்தியதை உறிஞ்சுவதில் கடையில் விற்கும் எந்தத் தாளையும் தோற்கடிக்கும். வார்னிஷும் ஆளிவிதை எண்ணெயும் துடைத்த துணியை மட்டும் இந்தக் குவியலில் சேர்க்காதீர்கள். சுருட்டி அடைத்த நிலையில் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. நனைத்து, விரித்துக் காயவைத்து எறிந்துவிட வேண்டும்.

சாக்கடை அடைப்பு நீக்கும் பொடி பிரித்த பொட்டலமாக இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் காஸ்டிக். ஈரம் பட்டாலே கொதிக்கும், அலுமினியப் பாத்திரத்தில் கொட்டினால் ஹைட்ரஜன் கிளப்பும். பாச்சை உருண்டையைத் துணி மூட்டையில் அள்ளிப் போடுவதும் வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் ஜி6பிடி என்சைம் குறைபாட்டில், அந்த உருண்டையில் உள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். எலி பேஸ்ட் ஒரு மூலையில் கிடந்தால், குறிப்பாக மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது என்றால், அதைத் தொட்டு ஏற்றவே கூடாது. தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்ததே அது பறித்த உயிர்களால்தான்.

வண்டியில் இந்த இரண்டு பக்கெட்டும் கடைசியாகவே ஏறட்டும். அதில் தவறில்லை. கடைசியில் ஏறுவது முதலில் இறங்கும், புது வீட்டில் முதலில் தேவைப்படுவதும் இதுதான். ஆனால் அதற்கென ஓரிடம் முன்கூட்டியே ஒதுக்கியிருக்க வேண்டும்: பின்கதவை ஒட்டி, தரையில், எதன் மேலும் இல்லாமல். அரிசி, மளிகை, மெத்தை, பட்டுப் பெட்டி ஆகியவை முன்பக்கம் கேபினை ஒட்டி. பினாயில் வாசம் ஏறிய அரிசியை எத்தனை முறை கழுவினாலும் வாசம் விடாது, காபித்தூளும் மிளகாய்த்தூளும் அதைவிட வேகமாக வாசத்தை இழுக்கும். எவர்சில்வருக்கும் குளோரின் ஆகாது. பிளீச்சிங் பவுடர் பட்ட எவர்சில்வர் குடத்தில் ஊசி குத்தியது போலப் புள்ளி விழுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சாயப்பட்டறைகளிலிருந்து கழித்து விற்கும் நீல டிரம்மைத் தண்ணீருக்கு வைத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. வீடு மாறும்போது அந்த டிரம்முக்குள் அரிசியையும் பருப்பையும் போட்டு ஏற்றுகிறார்கள். அதில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. துணிமணி போடுங்கள், உணவுப் பொருள் மட்டும் வேண்டாம்.

மிச்சத்தைக் கொட்டுவது பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் அது வீட்டுப் பிரச்சினையாக மட்டும் நிற்காது. குமாரபாளையத்துச் சாக்கடை நீர் கோம்பு பள்ளம் போன்ற ஓடைகள் வழியாகக் காவிரிக்குத்தான் போகிறது. சாயக்கழிவு ஆற்றில் கலப்பதை எதிர்த்து இங்கே எத்தனை முறை குரல் எழுந்திருக்கிறது! 2011 ஜனவரியில் நொய்யல் கரையின் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை இந்த வட்டாரம் மறக்கவில்லை. பட்டறைக்காரரிடம் கேட்கும் நியாயத்தை நம் பாத்ரூமிலும் கொஞ்சம் கடைப்பிடிக்க வேண்டும். கீழே ஈரோடு முதல் திருச்சி வரை அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். செப்டிக் டேங்க் உள்ள வீடு என்றால் வேறு கேடு. அரை லிட்டர் பினாயிலையும் ஹைப்போவையும் ஒரே நாளில் கவிழ்த்தால் டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். அடுத்து குடிவருபவர் நாற்றத்தைச் சுமப்பார்.

ஆகவே தீர்ப்பதை ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். புதிதாகப் பெரிய கேன் வாங்குவதை நிறுத்துங்கள். கடலூர் சின்னி கிருஷ்ணன் பரப்பிய சாஷே முறை இந்த மாதத்துக்கென்றே பிறந்தது போல உதவும். சோப்புத்தூளானாலும் திரவமானாலும் அந்தந்த வாரத்துக்குச் சின்னப் பாக்கெட் வாங்கினால் கடைசி நாளில் மிச்சமே இருக்காது. மிஞ்சிய ஆசிட்டைத் தீர்க்க வேண்டுமானால், அரை பக்கெட் தண்ணீரில் ஆசிட்டைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். அதைக் கழிப்பறைக் கோப்பைக்குள் பயன்படுத்தி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அன்று வேறெதையும் அதில் ஊற்றாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவையும் எலி மருந்தையும் குப்பையோடு கலக்காமல் வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. நகராட்சித் தூய்மைப் பணியாளர் கையுறைகூட இல்லாமல் பிரிக்கும் குப்பை அது. தனியே கட்டி, வாயால் சொல்லிக் கொடுப்பது நாம் அவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. காலிப் பாட்டிலில் கத்தியால் ஓட்டை போட்டுவிட்டுப் பழைய பேப்பர்க் கடைக்குப் போடுங்கள். யாரும் அதில் மறுபடி தண்ணீர் பிடிக்க முடியாது.

புது வீட்டில் இந்தப் பொருட்களுக்கு இடம் தேடும்போது இரண்டு கருத்துகள் மோதும். ஆசிட்டை உயரத்தில் வை, குழந்தைக்கு எட்டாது என்பது ஒன்று. உயரத்தில் வைத்தால் எடுக்கும்போது முகத்தில் கொட்டும், தரையில் வை என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. பெரியவரின் தோள் உயரம், கண்ணுக்குக் கீழே, தாழ்ப்பாள் போட்ட சிறு அலமாரி என்பதே நான் சரியென்று நினைப்பது. குழந்தை இல்லாத வீட்டில் இடுப்பு உயரம் போதும். அலமாரி இல்லாத லைன் வீட்டில், மூடியுள்ள பழைய டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சமையல் இடத்துக்கு எதிர் மூலையில் வைக்கலாம். அமிலமும் ஹைப்போவும் ஒரே பெட்டியில் வேண்டாம். ஒன்று பாத்ரூம் பக்கம் என்றால் மற்றது துணி துவைக்கும் பக்கம். பொடி மேல் தட்டில், திரவம் கீழ்த் தட்டில். கசிந்தாலும் பொடியில் விழாது. சிங்க்குக்கு அடியில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைப்பதுதான் ஊர் முழுக்க உள்ள வழக்கம், அதுதான் எல்லாவற்றிலும் மோசமான இடம்.

வேலைக்காக வெளியூர் போய் வீட்டை ஆறு மாதம், ஓராண்டு பூட்டி வைப்பவர்கள் சோப்புத்தூளை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துப் போகலாம். திரவம் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பூட்டிய வீட்டுக்குள் கசியும் ஆசிட்டின் ஆவி பீரோவையும் கீல்களையும் ஃபேனையும் சத்தமில்லாமல் அரித்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது நேர்ந்தால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். ஆகவே புது வீட்டில் முதலில் உறுதிசெய்ய வேண்டியது குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதைத்தான். ஆவி ஏறினால் தேய்ப்பதை அப்படியே விட்டுவிட்டுத் திறந்த வெளிக்கு வர வேண்டும், முடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே நிற்கக் கூடாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது வெந்த உணவுக்குழாய் ஏறும்போது இன்னொரு முறை வேகும். உப்புக்கரைசலும் புளித்தண்ணீரும் கொடுக்கும் பழைய வைத்தியம் இங்கே உயிருக்கே உலை வைக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள். டில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த பாட்டிலையும் மூடி கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதில் என்ன இருந்தது என்பதாகத்தான் இருக்கும்.